தோட்டத்துப் பட்டணத்திலிருந்து ஆய்விதழ் படிக்க: கார்டை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 180 ரிங்கிட் கட்டியவன் நான். இரவு பதினொன்றரை மணி. மறுநாள் காலை ஆய்வு மேற்பார்வையாளருக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். திரையில் ‘வாங்கு’ என்ற பொத்தான் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. விலை 40 டாலர், அதன்மேல் வங்கி போட்டது வேறு. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், அதே கட்டுரை எழுதியவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் சும்மா கிடக்கிறது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். பகுதி நேரமாக முதுகலை செய்கிறேன். தலைப்பு, செம்பனையில் வரும் அடித்தண்டு அழுகல் நோய். ஆய்விதழ்கள் கானோடெர்மா என்று எழுதுவதை என் அப்பா ‘காளான் பிடிச்ச மரம்’ என்பார். முப்பது வருஷம் வெளிக்காட்டு வேலை செய்தவர். நோய் பிடித்த மரம் வீட்டிலிருந்து பத்து நிமிஷ மோட்டார் தூரத்தில் நிற்கிறது. அதைப் பற்றிய கட்டுரைகள்தான் ஒரு வருஷம் என் கைக்கு எட்டாமல் இருந்தன.

முன்பு இதழ்கள் நூலக அலமாரியில் இருக்கும். கட்டடத்துக்குள் போனவர் எடுத்துப் படிக்கலாம். இப்போது பெரும்பாலானவை மின்னிதழ்கள். நூலகம் ஆண்டுச் சந்தா கட்டுகிறது, பதிப்பகம் தன் தளத்தைத் திறந்துவிடுகிறது. சந்தா நின்றால் கதவு மூடும். அதனால் தோட்டத்துப் பக்கம் இருக்கிற நமக்கு முக்கியமான வேலை பஸ் பிடிப்பது இல்லை, நம் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து அதை உயிரோடு வைத்திருப்பது. அதை எந்த வரிசையில் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

1. நூலகக் கணக்கை முதல் வாரத்திலேயே திறந்துவிடுங்கள்

பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டால் நூலகமும் தானாகத் திறந்துவிடும் என்று நினைத்தேன். பல இடங்களில் அப்படி இல்லை. மாணவர் தளத்துக்கு ஒரு கடவுச்சொல், நூலகத்தின் வெளியூர் அணுகலுக்கு இன்னொன்று. சில இடங்களில் ஒன்றே போதும், ஆனாலும் நூலகம் தன் பக்கத்தில் அதை ஒருமுறை செயல்படுத்த வேண்டும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: சேர்க்கைக் கடிதம், மாணவர் அட்டை அல்லது மாணவர் எண், நடப்புப் பருவத்தின் கட்டண ரசீது, மைகாட் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்த கோப்பு. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி அனுப்புங்கள். நான் தனித்தனியாக நான்கு மின்னஞ்சல் போட்டேன். நான்கும் நான்கு பேரிடம் போய்ச் சேர்ந்தன, ஒருவரும் பதில் தரவில்லை. ஒன்பது வேலை நாள் அதிலேயே போயிற்று. தொலைபேசியில் கேட்பதானால் வெள்ளிக்கிழமை மதியத்தை விட்டுவிடுங்கள். பன்னிரண்டே காலிலிருந்து இரண்டே முக்கால் வரை அரசு அலுவலகக் கவுண்டர் எதிலும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

கணக்கு திறந்த பிறகும் நான்கு இடங்களில் கால் வழுக்கும்.

நேராகப் பதிப்பகத்தின் தளத்துக்குப் போனால் அது உங்களை வழிப்போக்கராகத்தான் பார்க்கும், விலையைக் காட்டும். எப்போதும் நூலகத்தின் பக்கத்தில் உள்நுழைந்து, அங்குள்ள தரவுத்தளப் பட்டியல் வழியாகப் போங்கள். அந்த 180 ரிங்கிட்டை நான் தொலைத்த கதையில் பாதி இதுதான். அந்த இதழுக்கு எங்கள் நூலகம் சந்தா கட்டியிருந்தது.

அப்படி நுழைந்து கண்டுபிடித்த கட்டுரையின் முகவரியை அப்படியே நகலெடுத்து வைக்காதீர்கள். அதில் நூலகத்தின் இடைவழி முகவரி கலந்திருக்கும், மறுநாள் திறக்காமல் போகலாம். கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை எழுதி வையுங்கள். 10 என்ற எண்ணில் தொடங்கும் அது கட்டுரையின் மைகாட் எண் மாதிரி, இதழ் எந்தத் தளத்துக்கு மாறினாலும் மாறாது.

ஆசைப்பட்டு ஒரே இரவில் முந்நூறு கட்டுரையை இறக்காதீர்கள். இயந்திரம் இறக்குகிறது என்று நினைத்து, பதிப்பகம் முழுப் பல்கலைக்கழகத்தையும் அடைத்துவிடும். அப்புறம் நூலகத்திலிருந்து உங்கள் பெயரைத் தேடிக்கொண்டு மின்னஞ்சல் வரும்.

கட்டணம் ஒரு வாரம் தாமதமானால்கூடக் கணக்கு முடங்கலாம். எனக்கு முடங்கியது, அதுவும் ஆய்வு முன்மொழிவு கொடுக்க வேண்டிய வாரத்தில்.

2. டிசம்பரில் ஒரு கண் வையுங்கள்

சந்தாக்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. நூலகம் எந்த இதழை நிறுத்தினாலும் அது புத்தாண்டில்தான் தெரியவரும். நான் அடிக்கடி படித்த ஒரு தாவர நோயியல் இதழ் ஒரு ஜனவரியில் காணாமல் போனது. பழைய ஆண்டுகளும் சேர்ந்து போயின. காகித இதழாக இருந்திருந்தால் வாங்கிய ஆண்டுகளாவது அலமாரியில் மிஞ்சியிருக்கும். நமக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே 2019இல் எல்செவியர் பதிப்பகத்தோடு பேச்சு முறிந்து சந்தாவைக் கைவிட்டது, மறுபடி ஒப்பந்தம் போட 2021 ஆயிற்று.

ஆகவே அத்தியாவசியமான கட்டுரைகளை டிசம்பர் விடுமுறைக்குள் இறக்கி வைத்துவிடுங்கள்.

‘முழு உரை உண்டு’ என்று தரவுத்தளம் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளங்களில், சில இதழ்களின் கடைசி 12 மாதம் தடுக்கப்பட்டிருக்கும். பட்டியலில் அந்த விவரம் சின்ன எழுத்தில் இருக்கும்.

3. பல்கலைக்கழகத்தில் இல்லையா? உங்களுக்கும் வழி உண்டு

தோட்டத்தில் நாற்று மேடையைப் பார்த்துக்கொள்பவர், பள்ளி ஆசிரியர், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் தலைப்புத் தேடுபவர், எல்லாரும் முதலில் செய்ய வேண்டியது தேசிய நூலகத்தின் யு-புஸ்தகா தளத்தில் உறுப்பினராவது. மைகாட் எண் வேண்டும். நான் கட்டணம் எதுவும் கட்டவில்லை. அங்கே மின்னூல்களோடு சில தரவுத்தளங்களும் இருக்கும். பல்கலைக்கழக நூலகத்தின் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த வழி, நேரில் போவது. மின்னிதழ் ஒப்பந்தங்கள் பலவற்றில், நூலகத்துக்குள் நேரில் வருபவர் அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்று ஒரு விதி இருக்கும். வெளியாருக்குக் கடவுச்சொல் தர மாட்டார்கள், உட்கார்ந்து படிக்க விடலாம். சுங்கை சிப்புட் ஆட்களுக்கு ஈப்போ வழியாகக் கம்பார் அல்லது ஸ்ரீ இஸ்கண்டார், வடக்கே போனால் பினாங்கு. ஆனால் கிளம்புவதற்கு முன் போன் போட்டு மூன்று விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வெளியாரை அனுமதிப்பார்களா, நாள் கட்டணம் எவ்வளவு, பருவ விடுமுறையில் எத்தனை மணிக்கு மூடுவார்கள். மூன்றாவதைக் கேட்காமல் ஒரு சனிக்கிழமை போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துத் திரும்பினேன். உள்ளே போனால் எதையும் அச்செடுக்காதீர்கள். கட்டுரையை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

வீட்டில் இணையம் சரியில்லை என்றால், முன்பு பெடி என்றிருந்து இப்போது நாடி என்று பெயர் மாறிய மையங்களுக்குப் போகலாம். கணினியும் இணையமும் இருக்கும்.

4. ஒரு கட்டுரையைத் தேடும் வரிசை

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும். கட்டுரையின் தலைப்பு உங்களிடம் இருக்கிறது, பதிப்பகம் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

முதலில், தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முடிவின் வலது பக்கத்தில் பி.டி.எஃப். என்று இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் முடிவுக்குக் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பு இருக்கும். அதைத் தொடாமல் விட்டதால்தான் எனக்கு 180 ரிங்கிட் போயிற்று. அங்கேதான் எழுதியவரின் பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள பிரதி ஒளிந்திருக்கும். கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ என்று ஓர் இடம் உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தை அங்கே சேர்த்துவிட்டால், சந்தா உள்ள கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே அதன் பெயர் தெரியும். அரை நிமிஷ வேலை, எனக்கு இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது.

இரண்டாவது, உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியை நிறுவுங்கள். இலவசம். பதிப்பகப் பக்கத்தைத் திறக்கும்போது ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் வரும். பச்சையாக இருந்தால் அந்தக் கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம், சொடுக்கினால் அங்கே கொண்டுபோய் விடும்.

மூன்றாவது, துறைக்குரிய களஞ்சியங்கள். மருத்துவமும் உயிரியலும் என்றால் பப்மெட் சென்ட்ரல், இயற்பியலும் கணிதமும் என்றால் 1991இலிருந்து நடக்கும் ஆர்க்கைவ். வரலாறு, இலக்கியம் படிப்பவர்கள் ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது.

நான்காவது, நம் நாட்டு இதழ்கள். இதை ஏன் நான்காவதாக வைத்தேன் என்று எனக்கே வெட்கம். செம்பனை பற்றிப் படிக்க வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன், மலேசிய செம்பனை வாரியத்தின் செம்பனை ஆய்விதழோ முழுக்க இலவசமாக இணையத்தில் இருக்கிறது. புத்ரா பல்கலைக்கழகத்தின் பெர்த்தானிக்கா இதழ்களும் அப்படியே. தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் ‘தமிழ்ப் பேராய்வு’ திறந்தே இருக்கிறது. மலேசிய இதழ்களை மொத்தமாகத் தேட மைஜுர்னல், ஆய்வேடுகளைத் தேட மைட்டோ.

இங்கே ஒரு பொறி உண்டு, இதழ்களின் பெயர் மாற்றம். செம்பனை ஆய்விதழ் 1989இல் தொடங்கியபோது அதன் பெயர் ‘எலாயிஸ்’. புதுப் பெயரில் தேடினால் பழைய கட்டுரை சிக்காமல் போகலாம். ரப்பர் பக்கம் இன்னும் மோசம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ், பிறகு இயற்கை ரப்பர் ஆய்விதழ், இப்போது ரப்பர் ஆய்விதழ் என்று ஒரே பரம்பரைக்கு மூன்று பெயர், புதிய இதழ்கள் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் தளத்தில். கட்டுரை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் எல்லாப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

ஐந்தாவது, எழுதியவருக்கே மின்னஞ்சல். கூச்சப்படாதீர்கள். அவருக்கு அந்த 40 டாலரில் ஒரு சென் கூடப் போவதில்லை, யாராவது படித்தால் போதும் என்று இருப்பார். நான் பத்துப் பேருக்கு எழுதினேன், ஏழு பேர் அனுப்பினார்கள். ஒருவர் தன் அடுத்த கட்டுரையின் வரைவையும் சேர்த்து அனுப்பினார். ஆங்கிலத்தில் நான்கு வரி போதும்: நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், எந்தக் கட்டுரை, டி.ஓ.ஐ. எண், எதற்காக வேண்டும். நம் நாட்டு ஆய்வாளர் என்றால் மலாயிலும் எழுதலாம். ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால், கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் உள்ள அடுத்தவருக்கு எழுதுங்கள். முதல் பெயர் பட்டம் முடித்துவிட்டுப் போன மாணவராக இருக்கலாம், அந்த முகவரி செத்திருக்கும்.

ஆறாவது, உங்கள் நூலகத்தின் வழியாக வேறு நூலகத்திடம் கேட்பது. ‘பிஞ்சாமான் அந்தாரா பெர்புஸ்தகாஆன்’ என்று கேட்டால் கவுண்டரில் உடனே புரிந்துகொள்வார்கள். எனக்கு ஆறு வேலை நாள் பிடித்தது, பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்தது. விண்ணப்பத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்து கேட்டால், ஐந்து வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். தேதி இல்லை என்று எனக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால்தான் பணம். அப்போதும், 48 மணி நேர வாடகை என்று சில பதிப்பகங்கள் மலிவாகக் காட்டுவதைக் கவனியுங்கள். பெரும்பாலும் திரையில் பார்க்க மட்டும்தான், சேமிக்க விடாது. திருட்டுப் பிரதித் தளங்களைப் பற்றியும் கேட்பீர்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை, உங்கள் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லை எந்த வெளித் தளத்திலும் தட்டாதீர்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

5. கையில் கிடைத்தது எந்தப் பிரதி?

இலவசமாகக் கிடைப்பது மூன்று வகையாக இருக்கும். மதிப்பாய்வுக்கு முன் எழுதியவர் ஏற்றிய முன்பதிப்பு. மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதி. இதழில் வந்த இறுதிப் பதிப்பு. படிக்க இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கைப்பிரதியில் பக்க எண் இதழோடு ஒத்துப்போகாது, அதிலிருந்து மேற்கோள் காட்டி நான் ஒரு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். முன்பதிப்பில் அட்டவணை எண்களே மாறியிருக்கலாம்.

இன்னொன்று, கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். நீங்கள் இறக்கி வைத்த கோப்புக்கு அது தெரியாது. டி.ஓ.ஐ. எண்ணைத் தட்டிப் பதிப்பகப் பக்கத்தை ஒருமுறை திறந்தால் அறிவிப்பு இருக்கும்.

6. படிக்கும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்

இத்தனையும் செய்தால் வேறு ஒரு தொல்லை வரும். கட்டுரை குவிந்துவிடும்.

அமெரிக்க ஆய்வாளர்களிடம் கேரல் டெனோபிரும் டொனால்டு கிங்கும் பல ஆண்டுகளாக எடுத்த கணக்கு ஒன்று உண்டு. 1977இல் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 150 கட்டுரை படித்தார். 2005இல் அது 280, 2012இல் 264. ஒரு கட்டுரைக்குச் செலவிட்ட நேரமோ தொண்ணூறுகளின் நடுவில் ஏறக்குறைய 48 நிமிஷமாக இருந்து, அரை மணி அளவுக்கு இறங்கிவிட்டது. விஞ்ஞானிகளே மேய்ந்துவிட்டுத்தான் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சி குறைந்தது.

நான் செய்வது: சுருக்கம், படங்கள், முடிவு இவற்றை மட்டும் கைப்பேசியில், பள்ளி ஓய்வு நேரத்தில். பத்தில் எட்டு அதிலேயே கழிந்துவிடும். மிச்சம் இரண்டை இரவில் மடிக்கணினியில் ஆய்வுமுறைப் பகுதியோடு படிப்பேன். அதிலும் தேறுவதை மட்டும் அச்செடுப்பேன். எங்கள் ஊர்க் கடையில் பக்கத்துக்கு 20 சென், மாதம் பதினைந்து ரிங்கிட்டுக்கு மேல் போவதில்லை.

தேடுபொறி கொடுப்பதை மட்டும் படித்தால் ஒரு நஷ்டம் உண்டு. சமூகவியலாளர் ஜேம்ஸ் எவன்ஸ் 2008இல் 34 மில்லியன் கட்டுரைகளை வைத்து ஆராய்ந்து, இதழ்கள் இணையத்துக்கு வர வர ஆய்வாளர்கள் காட்டும் மேற்கோள்கள் புதிய, குறைந்த எண்ணிக்கைக் கட்டுரைகளிலேயே குவிகின்றன என்று எழுதினார். எனக்கும் அதுதான் நடந்தது. என் முன்மொழிவில் 2010க்கு முந்தைய கட்டுரை இரண்டே இரண்டு. தேர்வாளர் முதல் கேள்வியாக அதைத்தான் பிடித்தார். அதற்குப் பிறகு, நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் துணைநூற்பட்டியலில் பழைய மூன்றைத் தேடிப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. பழையவை பல இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன. நூலகங்கள் அவற்றைக் கிடங்குக்கு மாற்றியிருக்கலாம். இரண்டு நாள் முன்பே தொகுதி எண், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதி அனுப்பினால் எடுத்து வைப்பார்கள். நேரே போய் நின்றால் ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள், சுங்கை சிப்புட்டிலிருந்து போனவருக்கு நாளை என்பது அடுத்த சனிக்கிழமை.

7. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

வருமான வரி கட்டுபவரா? வாழ்க்கைமுறைச் செலவு என்ற பிரிவில் ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை கழிவு உண்டு. புத்தகம், இதழ், மடிக்கணினி, கைப்பேசி, சொந்தப் பெயரில் உள்ள இணையக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். முதுகலை, முனைவர் பட்டக் கட்டணத்துக்குத் தனியாக 7,000 ரிங்கிட் வரை. எங்கள் வீட்டில் இணையம் தம்பி பெயரில் இருந்ததால் முதல் வருஷம் அந்தக் கழிவு எனக்குக் கிடைக்கவில்லை. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெயிலில் எழுத்து மறையும் காகிதம் என்றால் படமெடுத்து வையுங்கள்.

8. பணம் கேட்டு வரும் இதழ்கள்

இரண்டு மூன்று கருத்தரங்கில் உங்கள் மின்னஞ்சல் பதிந்ததும், ‘மதிப்புக்குரிய பேராசிரியரே’ என்று கடிதங்கள் வரும். நான் இன்னும் முதுகலையே முடிக்கவில்லை, எனக்கே வாரம் நான்கு வருகிறது. ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள் என்பார்கள். எழுதியவரிடம் கட்டணம் வாங்கும் நேர்மையான இதழ்களும் நிறைய உண்டு, அதனால் பணம் கேட்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எல்லாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலிலோ மைஜுர்னலிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இதழின் பெயர் மட்டுமல்ல, ஐ.எஸ்.எஸ்.என். என்ற அதன் அடையாள எண்ணும் தள முகவரியும் ஒத்துப்போக வேண்டும். நல்ல இதழின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் உங்கள் நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அலமாரியில் இதழ் குறைந்த பிறகு அவர்களுடைய நாளில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் போகிறதாம், எங்கள் நூலகர் சொன்னார்.

9. படிப்பு முடிவதற்கு மூன்று மாதம் முன்பு

பட்டம் உறுதியானதும் நூலகக் கணக்கு மூடப்படும். சில இடங்களில் அன்றே, சில இடங்களில் பருவக் கடைசியில். என் நண்பர் ஒருவர் இருநூறு இணைப்புகளைச் சேமித்து வைத்திருந்தார், கோப்பு ஒன்றுகூட இறக்கவில்லை. பட்டமளிப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்த வாரம் எல்லாமே விலைப் பக்கமாகத் திறந்தன.

ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளைத் தொடக்கத்திலேயே நிறுவுங்கள். கட்டுரை, டி.ஓ.ஐ., உங்கள் குறிப்பு எல்லாம் ஒன்றாக இருக்கும். இணையத்தில் 300 மெகாபைட் வரை இலவசமாகச் சேமிக்கலாம், நூறு நூற்றைம்பது கட்டுரையில் அது நிரம்பிவிடும். மிச்சத்தை வெளி வன்தட்டில் போட்டு, மின்சாரத்திலிருந்து கழற்றி, அலமாரிக்குள் வையுங்கள். மழைக்கால மின்னலில் எங்கள் வீட்டு மோடம் இரண்டு முறை போயிருக்கிறது, மடிக்கணினி ஒரு முறை.